தேவஞானம் அளவற்றது என்றால், என் கேள்விக்கு ஏன் பதில் வரவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் தம்பி தொழில் தொடங்க வங்கிக் கடன் வாங்குகிறார். ஜாமீன் கையெழுத்தை நீங்கள் போட வேண்டும் என்கிறார். உங்கள் மனைவிக்கு அதில் சம்மதமில்லை. மூன்று மாதமாக ஜெபித்தும் உங்களுக்குத் தெளிவு வரவில்லை. "தேவனுடைய ஞானத்துக்கு ஆழம் காண முடியாது என்று ரோமர் 11:33 சொல்கிறது, கேட்டால் கொடுப்பார் என்று யாக்கோபு 1:5 சொல்கிறது, பிறகு எனக்கு மட்டும் ஏன் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை? கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, வருகிற வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடலாமா என்பது மேலாகத் தெரியும் கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: எல்லாம் அறிந்தவர் என்னோடிருந்தும் நான் ஏன் இருட்டில் நிற்கிறேன், என் விசுவாசத்தில் ஏதாவது கோளாறா? அதிலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால், ஜாமீன் விஷயத்தை நீங்கள் அணுகும் விதமே மாறும்.

முதலில் யாக்கோபு. 1:5ஐத் தனி வசனமாகப் பிடித்துக்கொள்கிறவர்களே அதிகம். 2ஆம் வசனத்திலிருந்து சேர்த்துப் படியுங்கள். பலவிதமான சோதனைகளில் அகப்பட்டவர்களுக்கு அவர் எழுதுகிறார். சோதனை பொறுமையை உண்டாக்கும், பொறுமை தன் வேலையை முடிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே வருகிறபோதுதான், "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்" என்கிறார். அங்கே வாக்குப்பண்ணப்பட்டிருப்பது ஞானம். தம்பியின் தொழில் மூன்றாம் வருஷத்தில் எப்படி இருக்கும் என்ற தகவலை யாக்கோபு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நம்மில் பலர் ஞானம் வேண்டும் என்று வாயால் கேட்டுவிட்டு, மனதில் தகவலுக்காகக் காத்திருக்கிறோம். அது வராதபோது தேவன் மௌனமாயிருக்கிறார் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

இந்த வித்தியாசத்தை 1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரம் மிக நெருக்கத்தில் காட்டுகிறது. சாலொமோன் கிபியோனில் கேட்டுப் பெற்ற ஞானத்துக்கு அதே அதிகாரத்திலேயே ஒரு வழக்கு வந்து நிற்கிறது. இரண்டு ஸ்திரீகள், உயிரோடு ஒரு பிள்ளை, செத்த ஒரு பிள்ளை. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை என்று 18ஆம் வசனம் சொல்லிவிடுவதால் சாட்சிக்கும் வழியில்லை. "இவளே தாய்" என்று தேவன் சாலொமோனுக்குச் சொப்பனத்தில் சொல்லியிருக்கலாம்; அதே அதிகாரத்தில் முன்னதாகச் சொப்பனத்தில் பேசியும் இருந்தார். இந்தத் தடவை அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சாலொமோன் இருவர் சொல்வதையும் கேட்கிறான், இருவருடைய வழக்கையும் திரும்பச் சொல்லிப் பார்க்கிறான், பிறகு பிள்ளையை இரண்டாகப் பிளக்கப் பட்டயத்தைக் கொண்டுவரச் சொல்லி, உண்மை தானாக வெளியே வரும்படி ஒரு நிலைமையை உண்டாக்குகிறான். பெற்றவளின் குடல் துடிக்கிறது, வழக்குத் தீர்ந்தது. முடிவில் இஸ்ரவேலர் சொன்னது என்ன? தேவன் அருளின ஞானம் ராஜாவுக்கு உண்டென்று கண்டார்கள். யோசித்தது சாலொமோன்தான். ஆனாலும் அந்த யோசனை தேவனால் வந்தது என்பதில் அங்கே யாருக்கும் குழப்பமில்லை.

யாக்கோபு அடுத்த வசனத்தில் சொல்கிற சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம், ஏனென்றால் உங்களை அதிகமாய்க் குத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். "சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்" என்றால், எந்தப் பக்கம் போவது என்ற குழப்பமே இருக்கக்கூடாது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. குழப்பம் இல்லாதவன் எதற்கு ஞானம் கேட்கப் போகிறான்? 8ஆம் வசனம் 'இருமனமுள்ளவன்' என்கிறது. அதே சொல் 4:8இல் மறுபடி வரும்போது, தேவனிடத்திலும் ஒரு கால், உலகத்திலும் ஒரு கால் என்று நிற்கிறவர்களைக் கண்டிக்கிறது. ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பதில் எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் கீழ்ப்படிவேனா? ஆம் என்றால், எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவிப்பது அவிசுவாசம் ஆகாது.

இப்போது ரோமர் 11:33. "ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம் எவ்வளவாயிருக்கிறது!" இதை யோசனையை நிறுத்தச் சொல்கிற வசனமாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு: 'அவர் வழிகள் ஆராயப்படாதவைகள், ஆகவே நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்' என்று. பவுல் செய்தது அதற்கு நேர்மாறு. தன் சொந்த ஜனத்துக்காக இடைவிடாத மனவேதனை உண்டென்று 9ஆம் அதிகாரத்தில் தொடங்கி, மூன்று அதிகாரம் முழுக்க வேதவாக்கியங்களை அடுக்கி, எதிர்க்கேள்விகளைத் தானே எழுப்பித் தானே பதில் சொல்லி, தன் அறிவை அதன் எல்லைவரை கொண்டுபோனபின்தான் அந்த 'ஆ!' வருகிறது. யோசித்துப் பார்க்காதவன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வராது. 11ஆம் அதிகாரம் முடிந்ததும் நாம் வேதத்தை மூடிவிடுகிறோம். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் வந்தவை. பவுல் எழுதிய கடிதத்தில் அந்த இடத்தில் கோடு எதுவும் இல்லை. அளவிட முடியாத ஞானத்தைத் துதித்த கையோடு, 12ஆம் அதிகாரத் தொடக்கத்தில் அவர் சொல்வது, தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று "பகுத்தறியத்தக்கதாக, உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்பது. அளவற்ற ஞானத்துக்கும் உங்கள் ஜாமீன் கையெழுத்துக்கும் நடுவே பவுல் வைக்கிற இணைப்பு, புதிதாக்கப்பட்ட மனம். உங்கள் கேள்விக்கான பதிலின் மையம் இதுவே என்று நம்புகிறேன்.

ஏசாயா 55:8-9 பற்றியும் ஒரு வார்த்தை. "என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல" என்பதைத் துக்க வீட்டிலும், தோல்வியிலும், விளங்காத எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். சொல்லக்கூடாது என்றில்லை. ஆனால் முந்தின வசனத்தைப் பாருங்கள்: துன்மார்க்கன் தன் வழியை விட்டுத் திரும்பட்டும், "அவர் மன்னிக்கிறதற்குத் தயைபெருத்திருக்கிறார்" என்கிறது. வானம் பூமிக்கு உயர்ந்திருப்பதுபோல உயர்ந்தது என்று அங்கே முதலாவதாகச் சொல்லப்படுவது அவருடைய மன்னிப்பின் நினைவு. சங்கீதம் 147:5 "அவருடைய அறிவு அளவில்லாதது" என்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால் இருதயம் நொறுங்குண்டவர்களின் காயங்களை அவர் கட்டுகிறார், நடுவில் நட்சத்திரங்களை எண்ணிப் பேரிட்டு அழைக்கிறார். காயம், நட்சத்திரம், அளவில்லாத அறிவு, மூன்றும் ஒரே மூச்சில். தேவஞானத்தின் எல்லையின்மையை வேதம் பேசுகிற இடங்களில் எல்லாம், அதோடு ஒட்டி என்ன சொல்லப்படுகிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம். அநேகமாக அங்கே அவருடைய இரக்கம் இருக்கும்.

யோபு புத்தகம் இன்னும் ஒருபடி கடினமானது. 38ஆம் அதிகாரம் முதல் கர்த்தர் பேசுகிறார்; அவர் பேச்சு பெரும்பாலும் கேள்விகளே. காக்கைக்குஞ்சுக்கு இரை கொடுப்பது யார், வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போகிறார். யோபுவைச் சோதிக்கச் சாத்தான் அனுமதி பெற்றது உட்பட, முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்ததை வாசிக்கிற நாம் அறிவோம். யோபுக்குக் கடைசிவரை அது சொல்லப்படவில்லை. தன் துன்பத்தின் காரணத்தை அறியாமலேயே அவன் ஆறுதல் அடைகிறான். இதற்கு விளக்கம் கொடுத்துச் சரிக்கட்டிவிட என்னால் முடியாது. அப்படிச் செய்யவும் கூடாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் யோபுவின் சிநேகிதர் செய்தது அதுதான். எல்லாவற்றுக்கும் காரணம் சொன்ன அவர்களைக் கர்த்தர் கடிந்துகொண்டார், கேள்வி கேட்டுக் கதறினவனைத் தம் தாசன் என்றார்.

இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. உறுதியானது உபாகமம் 29:29: "மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்", வெளிப்படுத்தப்பட்டவை நாம் செய்யும்படிக்கு நமக்கு உரியவை. கீழ்ப்படிவதற்குத் தேவையானது ஒளித்துவைக்கப்படவில்லை. கேட்கிறவனை அவர் கடிந்துகொள்ள மாட்டார் என்பதும் உறுதி. உறுதியில்லாதது: இரண்டு பாவமற்ற வழிகள் முன்னால் இருக்கும்போது, அவற்றில் ஒன்று மட்டுமே தேவ சித்தம், மற்றது தவறு என்று ஒவ்வொரு முறையும் இருக்குமா என்பது. இதில் தேவபக்தியுள்ளவர்களே இரண்டு கருத்தாக இருக்கிறார்கள். என் கணிப்பைச் சொன்னால், அப்போஸ்தலர் நடந்த விதம் அதிகச் சுதந்திரத்தையே காட்டுகிறது. 1 கொரிந்தியர் 7:39இல் விதவை தனக்கு இஷ்டமானவனை விவாகம்பண்ணலாம், கர்த்தருக்குட்பட்டவனாக மட்டும் இருக்க வேண்டும் என்கிறார் பவுல். எல்லையைக் காட்டிவிட்டு, தெரிந்தெடுப்பதை அவளிடம் விடுகிறார். தம் பயணங்களைப் பற்றிப் பேசும்போதும் 'நலமென்று எண்ணினோம்', 'தகுதியானால் போவேன்' என்கிற தோரணையே அடிக்கடி வருகிறது. மக்கெதோனியாவுக்கு வரும்படி பவுலை அழைத்த தரிசனம் போன்றவை உண்டு. ஆனால் அவை கேட்காமலே வந்தவை. தினசரி முறையாக அவற்றை அவர் யாருக்கும் கற்பிக்கவில்லை.

ஆகவே கண்ணை மூடி வேதத்தைத் திறப்பது பற்றி: செய்ய வேண்டாம் என்பதே என் பதில். தேவன் அப்படிப் பேசவே மாட்டார் என்று அவர் கையைக் கட்ட எனக்கு அதிகாரமில்லை; சிலருக்கு ஏற்ற வேளையில் ஏற்ற வசனம் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் அதை முறையாக்கினால் என்ன கெடுகிறது என்று பாருங்கள். வசனம் தன் இடத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. நீங்கள் விரும்பினது வரும்வரை திறந்துகொண்டே இருக்கும் சோதனையும் வரும். பனி பெய்த ஆட்டுத்தோலை அடையாளமாகக் கேட்ட கிதியோனைக் காட்டுவார்கள். நியாயாதிபதிகள் 6ஐ முழுதும் படித்தால், என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு 14ஆம் வசனத்திலேயே தெளிவாய்ச் சொல்லப்பட்டாயிற்று. தோல் வந்தது தெரியாததினால் அல்ல, பயத்தினால்; இரண்டாம் தடவை கேட்கும்போது கோபிக்க வேண்டாம் என்று அவனே கெஞ்சுகிறான். சீட்டுப் போடுவதும் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்த அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தோடு நின்றுபோகிறது. ஆவியானவர் ஊற்றப்பட்டபின் சபை சீட்டுப்போட்டு முடிவெடுத்ததாக நாம் வாசிப்பதில்லை. 15ஆம் அதிகாரத்தில் அவர்கள் கூடி, விவாதித்து, நடந்தவற்றைக் கேட்டு, ஆமோசின் வார்த்தையோடு ஒப்பிட்டு, பிறகு "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக்கண்டது" என்று எழுதுகிறார்கள். அடையாளம் கேட்டு நல்லபடியாக முடிந்த இடம் ஆதியாகமம் 24. அதிலும் ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் பெண்ணின் குணத்தையே சோதித்தது. அவனோடு பத்து ஒட்டகங்கள் இருந்தன. தாகமாயிருக்கும் ஒரு ஒட்டகம் நூறு லிட்டர்கூடக் குடிக்கும். வழிப்போக்கனுக்காக அத்தனை குடம் மொண்டு ஊற்ற முன்வருகிறவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

திறந்த வாசல், மனச்சமாதானம், ஊழியக்காரரின் வார்த்தை ஆகிய மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். மூன்றுக்கும் இடமுண்டு, ஒன்றும் தனியாக நிற்காது. கர்த்தருடைய கட்டளைக்குத் தப்பி ஓடிய யோனாவுக்கும் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராகவே கிடைத்தது. தன்னைக் கொல்லத் தேடின சவுல் ராஜா கெபியில் தாவீதின் கையில் அகப்பட்டபோது, 'கர்த்தர் சொன்ன நாள் இதுவே' என்றார்கள் கூட இருந்தவர்கள், தாவீது மறுத்தான். துரோவாவில் பவுலுக்குக் கர்த்தராலே கதவு திறந்திருந்தும், உடன் ஊழியனான தீத்துவைக் காணாமல் ஆவிக்கு அமைதலில்லை என்று புறப்பட்டுப் போனார். மனச்சமாதானத்துக்குக் காட்டப்படும் கொலோசெயர் 3:15, ஒரே சரீரமாக அழைக்கப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் சமாதானமாயிருப்பதைப் பேசுகிறது. கெத்செமனேயில் நம் ஆண்டவர் பிதாவின் சித்தத்துக்குள்தான் இருந்தார், ஆனாலும் அவருடைய ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருந்தது. ஊழியக்காரரைப் பொறுத்தவரை நாத்தான் மெய்யான தீர்க்கதரிசி. தாவீது ஆலயம் கட்டப் போகிறேன் என்றதும் 'உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும்' என்றவனை, அன்று இராத்திரியே கர்த்தர் திருத்தினார். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற கட்டளை நமக்கு இருப்பது அதனால்தான்.

சரி, மனம் எப்படிப் புதிதாகும்? உங்கள் விஷயத்தையே வைத்துச் செய்து பார்க்கலாம். ஒரு பொருளைப் பற்றி வேதம் சொல்லும் எல்லாவற்றையும் திரட்டுங்கள். ஒரே வசனத்தில் நின்றால் தப்பாகப் போவது எளிது. நீதிமொழிகளில் ஜாமீனைப் பற்றிய எச்சரிக்கை ஆறு இடங்களில் வருகிறது: 6:1-5, 11:15, 17:18, 20:16, 22:26-27, 27:13. இவற்றில் 17:18ஐ மட்டும் நெருங்கிப் பாருங்கள். கையடித்துக்கொடுத்துப் பிணைப்படுகிறவன் புத்தியீனன் என்கிறது. அதற்கு நேர் மேலே 17ஆம் வசனம் என்ன? "இடுக்கணில் உதவவே சகோதரன் பிறந்திருக்கிறான்." உங்கள் மனதுக்குள் மூன்று மாதமாக நடக்கும் போராட்டம் அந்த இரண்டு வசனங்களாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறது. தம்பிக்கு உதவுவது உங்கள் பிறப்புக் கடமை. பிணைப்படுவது அந்த உதவியின் புத்தியுள்ள வடிவம்தானா என்பது வேறு கேள்வி. நீதிமொழிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, நம்மை யோசிக்கச் சொல்கிறது. 26:4-5இலும் அப்படியே: மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது ஒரு வசனம், கொடு என்கிறது அடுத்த வசனம். எந்த வேளைக்கு எது என்பதைக் கண்டுபிடிப்பதே ஞானம்.

நீதிமொழி பொதுவாக எது எப்படி முடியும் என்று காட்டுவது. மோசேயின் கட்டளைபோலத் தடை விதிப்பதில்லை. ஜாமீன் போடுவது பாவம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். யூதா பென்யமீனுக்காகத் தகப்பனிடம் பிணைப்பட்டான், எகிப்தில் அந்த வார்த்தைக்காகத் தானே அடிமையாக முன்வந்தான். பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவின் கடனை "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று பவுல் பிலேமோனுக்குத் தன் கையால் எழுதிக்கொடுத்தார். விசேஷித்த உடன்படிக்கைக்கு இயேசுவே பிணையாளி என்கிறது எபிரெயர் 7:22. இவர்களிடம் ஒன்று பொதுவாய் இருக்கிறது: முழுவதையும் தாங்களே செலுத்த நேரிடும் என்று தெரிந்து, செலுத்த ஆயத்தமாக முன்வந்தார்கள். நீதிமொழிகள் 22:27 புத்தியீனம் என்று காட்டுவது, செலுத்த ஒன்றுமில்லாதவன் கையடித்துக்கொடுத்துவிட்டுப் படுக்கையையும் இழப்பதை. இந்த இரண்டையும் சேர்த்தால் உங்களுக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது: இந்தத் தொகை முழுவதும் என் தலையில் விழுந்தால், என் வீட்டாரை நடுத்தெருவில் நிறுத்தாமல், தம்பியைச் சபிக்காமல், செலுத்துவேனா? 1 தீமோத்தேயு 5:8 சொந்த வீட்டாரை விசாரிக்கச் சொல்லும் கட்டளை என்பதையும் தராசில் போடுங்கள்.

இதற்கு விடை ஜெபத்தில் மட்டும் கிடைக்காது, கணக்கிலும் பார்க்க வேண்டும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப்பார்ப்பான் என்றவர் நம் ஆண்டவர். ஒரு தாளில் கடன் தொகை, வட்டி, மாதத் தவணை, எத்தனை மாதம், தம்பிக்கு ஏற்கெனவே உள்ள கடன்கள், தொழிலில் அவர் சொந்தமாய்ப் போடும் பணம், வங்கி வேறு என்ன ஈடு வாங்குகிறது என்று எழுதுங்கள். தம்பி இவற்றைக் காட்டத் தயங்கினால், அதுவே ஒரு பதில். பிறகு அந்தத் தவணைத் தொகையை இரண்டு மாதம் உங்கள் வருமானத்திலிருந்து உண்மையாகவே எடுத்துத் தனியே வைத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்பது இரண்டாம் மாதம் பள்ளிக் கட்டணமோ மருந்துச் செலவோ வரும்போது தெரியும். ஜாமீன் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: என் பொறுப்புக்கு உச்சத் தொகை உண்டா, பின்னால் தம்பி வாங்கும் கூடுதல் கடனுக்கும் இதே கையெழுத்து பொருந்துமா, நான் விலக வேண்டுமானால் வழி என்ன. பெரும்பாலான இடங்களில் கடன் வாங்கியவர் தவறினால் வங்கி ஜாமீன்தாரரிடம் நேராக வரலாம். சாட்சிக் கையெழுத்துபோல இது வெறும் சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பகுதியில் என் சொல்லைவிட வழக்கறிஞரின் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரதேசத்தார் என்று ஏமாற்றி உடன்படிக்கை கேட்டு வந்த கிபியோனியர் விஷயத்தில் யோசுவாவும் இஸ்ரவேலரும் ஆராயாமல் இருந்துவிடவில்லை என்பதும் நினைவிலிருக்கட்டும். பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த துருத்திகளையும் பார்த்தார்கள், தொட்டார்கள், நம்பினார்கள். கர்த்தரிடம் மட்டும் கேட்கவில்லை. எல்லாச் சான்றும் ஒரு பக்கத்தாரே கொண்டுவந்தது. தன் வழக்கில் முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அயலான் வந்து பரிசோதிக்கிறபோதுதான் தெரியும் என்கிறது நீதிமொழிகள் 18:17. ஆகவே ஜெபமும் கணக்கும் ஒன்றுக்கொன்று மாற்று ஆக முடியாது.

ஆலோசனைக்கு யாரிடம் போகலாம்? அந்தத் தொழிலை அறிந்த ஒருவர், தம்பியின் பணநடத்தையை அறிந்த ஒருவர், உங்கள் பலவீனத்தை அறிந்த ஒருவர். இந்த மூவரில் யாராவது 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். ரெகொபெயாம் முதியோரிடமும் கேட்டான், தன்னோடு வளர்ந்த வாலிபரிடமும் கேட்டான். பிடித்ததை எடுத்துக்கொண்டான், ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. மோசேயோடு கர்த்தர் முகமுகமாய்ப் பேசினார், ஆனாலும் ஜனத்தை ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று பிரித்து நியாயம் விசாரிக்கும் ஏற்பாட்டை அவர் பெற்றது மாமனார் எத்திரோவிடமிருந்து. அளவற்ற ஞானமுள்ளவர் அதை மாமனார் வாயில் வைத்து அனுப்பினார். உங்கள் மனைவியின் சம்மதமின்மையை நீங்கள் தடையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை உங்களுக்கு ஏற்கெனவே வந்த ஆலோசனைகளில் முதலாவதாக எடுத்துக்கொள்வேன். தேவனைக் கண்டோம், சாகப்போகிறோம் என்று சிம்சோனின் தகப்பன் மனோவா நடுங்கினபோது, நம்மைக் கொல்லச் சித்தமாயிருந்தால் பலியை ஏற்றுக்கொண்டிருப்பாரா என்று நிதானமாய்க் கேட்டது அவன் மனைவி. 'உனக்கு எதில் பயம்?' என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். குறுக்கிடாமல், பதில் சொல்லாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். அவர் ஒரு தொகையையோ, ஒரு பழைய சம்பவத்தையோ குறிப்பிட்டால் அதைக் கணக்குத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள். கணக்குப் பார்க்க எடுத்துக்கொள்ளும் அந்த இரண்டு மாதத்தின் கடைசி நாளாக இருக்கலாம். அதுவரை ஒவ்வொரு நாளும் ஜெபியுங்கள், ஆனால் ஜெபத்தின் வார்த்தையை மாற்றுங்கள்: 'போடட்டுமா வேண்டாமா சொல்லும்' என்பதற்குப் பதிலாக, 'நான் பார்க்க மறுப்பதைக் காட்டும், தம்பியைச் சரியாக நேசிக்கக் கற்றுத்தாரும்' என்று. எடுக்கப்போகும் முடிவை யாக்கோபு 3:17இல் வைத்துப் பாருங்கள். பரத்திலிருந்து வருகிற ஞானம் சுத்தமுள்ளது, சமாதானமுள்ளது, இணக்கமுள்ளது, பட்சபாதமில்லாதது, மாயமற்றது. போடுவதானால், ஊராரிடம் நல்ல அண்ணன் என்ற பெயர் வாங்கவா? மறுப்பதானால், பழைய மனஸ்தாபத்துக்குப் பழிவாங்கவா? இரண்டில் எது இருந்தாலும் முடிவு சரியாக இருக்கலாம், ஞானம் இன்னும் வரவில்லை. தேதி வந்ததும், 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்று சொல்லி முடிவெடுங்கள். பின்னால் கஷ்டம் வந்தால், அன்றைக்குத் தேவ சித்தத்தைத் தவறவிட்டோம் என்று திரும்பத் திரும்ப உங்களைக் குற்றப்படுத்தாதீர்கள். தரிசனத்துக்குக் கீழ்ப்படிந்து மக்கெதோனியாவுக்குப் போன பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடிபட்டுத் தொழுமரத்தில் கிடந்தார்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், மனைவி இசையாமலும் தொகையின் கனம் தெரியாமலும் இப்போது கையெழுத்துப் போடக்கூடாது என்பதே என் கருத்து. தாளில் உள்ள எண்கள் அதை மாற்றலாம். மறுப்பதானால் தம்பியிடம் நேரில் சொல்லுங்கள். 'ஜெபித்தேன், கர்த்தர் வேண்டாம் என்றார்' என்று தேவனை உங்கள் முன்னால் நிறுத்தி மறைந்துகொள்ளாதீர்கள். அவர் சொல்லாததை அவர் பேரில் சொல்வது பெரிய காரியம். எதிரே இருப்பவருக்கு மறுபேச்சுக்கு இடமும் இருக்காது. 'இவ்வளவு தொகைக்கு என்னால் பொறுப்பேற்க முடியாது. இவ்வளவை என்னால் திருப்பிக் கேட்காமல் கொடுக்க முடியும்' என்று, போனாலும் வருத்தமில்லாத ஒரு தொகையைச் சொல்லி, அன்றே கையில் கொடுங்கள். சிறிய அளவில் தொடங்க அவருக்கு அது உதவும், இடுக்கணில் உதவப் பிறந்த சகோதரனின் கடமையும் நிறைவேறும். ஒருவேளை இதைப் படிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், நீதிமொழிகள் 6:3-5 உங்களுக்காகவே இருக்கிறது: கண்ணுக்கு நித்திரை வருமுன்னே போய், உன்னைத் தாழ்த்தி, வருந்திக் கேட்டு உன்னைத் தப்புவித்துக்கொள் என்கிறது. வங்கியிடம் போய் உங்கள் பொறுப்புக்கு உச்சத் தொகை நிர்ணயிக்கவோ, வேறு ஈட்டை ஏற்று உங்களை விடுவிக்கவோ முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். கடன் தொகை வழங்கப்படுவதற்கு முன் கேட்டால் வழி கிடைக்க வாய்ப்பு அதிகம்.